லென்ஸுக்குள் நின்ற காற்று

கடலுக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் கொல்லிமலையில் என்ன செய்வான் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. ஓடையில் படம் எடுக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உள்ளபடி சொல்வதென்றால், மலையில் நான் அதிகமாகச் செய்த வேலை பொறாமைப்பட்டதுதான். அதுவும் கட்டிய மனைவி மேல்.

தூத்துக்குடியில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். தண்ணீருக்குள் முங்கிப் படம் எடுப்பது என் வேலை. ஆமை, திருக்கை என்று பெரிய உருப்படிகளை எடுக்க ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்கு வாய்த்தது நகத்தளவு உயிர்கள். ஓடில்லாத கடல் நத்தை, பவளப்பாறை இடுக்கில் அரிசி மணி அளவில் உட்கார்ந்திருக்கும் இறால், கண்ணாடி மாதிரி உடம்பு உள்ள மீன்குஞ்சு. இவற்றை எடுக்க ஒரு குளோசப் லென்ஸ் வேண்டும். உள்ளங்கை அளவு வட்டம், சோடா பாட்டில் அடி மாதிரி கனமான கண்ணாடி. தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமரா இருக்கும். அந்தப் பெட்டியின் முகப்பில் இந்த லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். நாலு விரல்கடை தூரத்துக்குப் போனால் அரிசி மணி இறால் திரை முழுக்க நிறைந்து நிற்கும். ஆனால் தெளிவாக விழும் இடம் ஒரு நூல் கனம்தான். நீங்கள் மூச்சு விட்டால் கூடப் படம் நகர்ந்துவிடும். அந்த நூல் கனத்துக்குள் ஓர் இறாலின் கண்ணைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

என் மனைவி நர்ஸ். நாமக்கல் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் இரண்டு மாதம் லீவு போட்டுத் தூத்துக்குடியில் என்னோடு இருந்தாள். அப்போது நான் லென்ஸைப் பற்றி அவளிடம் ஓயாமல் பேசினேன். பெண்டாட்டியிடம் புதிதில் வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உம் கொட்டிக்கொண்டே இருப்பாள். பாதியில் தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அவளுக்குக் கொல்லிமலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங் வந்தது. அதே மாதம் என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பெட்டி படுக்கையோடு காரவள்ளியில் பஸ் மாறி, வளைவு வளைவாக ஏறி, கடலைத் திரும்பிப் பார்க்க வழியில்லாத ஓர் ஊரில் வந்து இறங்கினேன். கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்ய ஆரம்பித்தேன்.

மலையில் எனக்குப் பெயர் கிடையாது. டீக்கடையில், பஸ்ஸில், மிளகு காயப்போட்ட களத்தில், எங்கே போனாலும் நான் "நர்சம்மா ஊட்டுக்காரரு". முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. ஆறாவது மாதம் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுண்டிப்போகும். அவளைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பார்கள், மடியில் கட்டிவைத்திருந்த கொய்யாவைக் கொடுப்பார்கள். என்னைக் கண்டால், "நர்சம்மா ஊட்டுல இருக்குதுங்களா?" என்பார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

கடைசியில் கேமராவை வெளியே எடுத்தேன். கடல் இல்லாவிட்டால் என்ன, ஓடைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவற்றிலும் நகத்தளவு உயிர்கள் உண்டு. வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் தலைப்பிரட்டை, மணலைக் கோத்துக் கூடு கட்டி அதையே சட்டையாகப் போட்டுக்கொண்டு நடக்கும் புழு, பொடி இறால். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைச் சுற்றி இறங்கிப் புளியஞ்சோலை வரைக்கும் போய், முழங்கால் தண்ணீரில் குப்புறப் படுத்துக் கிடப்பேன். ஆயிரக்கணக்கில் எடுத்தேன். எல்லாவற்றையும் சென்னைக்கு ஒரு நண்பனுக்கு அனுப்புவேன். என்னோடு கடலில் முங்கியவன், இப்போது இயற்கைப் பத்திரிகை ஒன்று நடத்துகிறான். "நல்லாருக்குடா" என்று ஒரு கட்டை விரலோடு பதில் வரும். அந்தக் கட்டை விரலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அவளும் என்னோடு வந்தாள். ஆகாய கங்கை அருவிக்கு வருகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வார்களே, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் தன் போனைப் போட்டுத் தண்ணீருக்குள் விட்டாள். நான் சிரித்தேன். அரை மணி நேரம் அவள் ஒரு படமும் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்று படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து என் படங்களோடு அவளுடையதில் ஒன்றையும் கேலிக்காக நண்பனுக்கு அனுப்பினேன். மணல் சட்டை போட்ட புழு தலையை நீட்டி ஒரு பாசித் துணுக்கைப் பிடித்திழுக்கும் படம். தரம் குறைவு, ஓரமெல்லாம் மங்கல். இரண்டே நிமிடத்தில் போன் அடித்தது.

"இது யார்டா எடுத்தது? நீ இல்லையே?"

"நீ இல்லையே" என்பதை அவன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான். போனை அவளிடம் கொடுத்தேன். "நானும் எங்க ஊட்டுக்காரரும் சேந்து எடுத்ததுங்க" என்றாள். அந்தப் படத்துக்கு இரண்டு பேர் பெயரும் போட்டு வந்தது. அதற்குப் பிறகு வந்த நாலு படத்துக்கும் அப்படியே. நான் ஒரு விரல் கூட வைக்காத படங்கள். பிச்சை போடுகிறாளா என்று தோன்றும். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இருக்காது. அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவளிடம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு தேடுகிறவள் அவள். தடவித் தடவி, கிடைக்கிற வரைக்கும் ஊசியைத் தொடமாட்டாள். ஓடையிலும் அதையேதான் செய்தாள். அந்த உயிர் என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யும் என்று தெரிகிற வரைக்கும் காத்திருந்தாள். நானோ கடலில் சிலிண்டர் காற்று தீர்வதற்குள் எடுத்துப் பழகியவன், கண்டதும் சுடுகிறவன். புரிந்துகொண்டால் பொறாமை போய்விடும் என்கிறார்கள். எனக்குப் புரியப் புரிய அது பெருகியது. அவளுடைய போன் சார்ஜரை எடுத்தால் திருப்பி வைக்க மாட்டேன். படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்க என்றால் ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பேன். போனில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்று அவள் காதுபடச் சுவரிடம் சொல்வேன். இவ்வளவு அற்பமாக ஒருவன் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும், நான் இருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்து இதழுக்கு நண்பன் ஓர் அட்டைப்படம் கேட்டிருந்தான். மலை ஓடையில் இருக்கும் தாய் நண்டு, வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகளோடு. கடல் நண்டு முட்டையோடு விட்டுவிடும். ஓடை நண்டு குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் அவற்றை வயிற்றிலேயே வைத்துக் காக்கும். "உங்க ரெண்டு பேர்ல யார் எடுத்தாலும் அட்டையில போடுறேன்" என்றான். நான் இரண்டு மழைக்காலமாகத் தேடிக் கிடைக்காத படம் அது. இதையாவது நான் எடுத்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தது. இதையும் அவள் எடுத்துவிட்டால் நான் கேமராவை விற்றுவிட்டு ஆல்பத்துக்குப் பூ ஒட்டிக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வாழவந்தி நாட்டுப் பக்கத்திலிருந்து மாதச் சோதனைக்கு வரும் கர்ப்பிணி ஒருத்தி, ரத்த அழுத்தம் பார்க்கும்போது என் மனைவியிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மரவள்ளிக் காட்டுக்குக் கீழே ஓடுகிற ஓடையில், பாறை இடுக்கில், வயிற்றில் குஞ்சுகளோடு நண்டு ஒன்று இருக்கிறதாம். குஞ்சு சுமக்கிற நண்டை அவர்கள் ரசத்துக்குப் பிடிப்பதில்லையாம், அதனால் விட்டுவைத்திருக்கிறார்களாம். இரண்டு வருஷம் நான் கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடியது அவளுக்கு உட்கார்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்கு எனக்கு ஆஃப். நாம ரெண்டு பேரும் போலாமுங்களா? இன்னும் ரெண்டு நாள்ல குஞ்செல்லாம் எறங்கீருமாம்."

மறுநாள் காலை வண்டியில் போனோம். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. மேலே மழை விழுந்தால் அரை மணி நேரத்தில் ஓடை செம்மண் கலங்கலாகிவிடும், பிறகு அந்தக் குஞ்சுகளைப் பார்க்க முடியாது. அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்து இடத்தைக் காட்டினாள். முதலில் நான்தான் இறங்கினேன். அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை.

நண்டு இருந்தது. கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலம். வயிற்று மடிப்பு புடைத்துக்கொண்டிருந்தது. லென்ஸை நாலு விரல்கடைக்குக் கொண்டுபோனேன். அது பின்வாங்கியது. இன்னும் நெருங்கினேன். இடுக்குக்குள் போய்விட்டது. கேமராப் பெட்டியை உள்ளே நுழைத்துப் பார்த்தேன், மணல்தான் கிளம்பியது. தெளியக் காத்திருந்து மறுபடி போனேன், மறுபடி கலங்கியது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. கரையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"ஏனுங்க நர்சம்மா, உங்க ஊட்டுக்காரரு நண்டை மெரட்டறாருங்க."

என் மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பெண் காட்டுக்கு ஏறிப்போன பிறகு, "நான் சித்த பாக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்த இருட்டு இடுக்குக்கு அவள் போன் போதாது, என் கேமராதான் வேண்டும்.

இந்த இடத்தில் லென்ஸைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதை எப்போதும் தண்ணீருக்குள் வைத்துத்தான் மாட்ட வேண்டும். பெட்டியின் முகப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு, அங்கே தண்ணீர் நிறைந்திருந்தால்தான் படம் விழும். கரையில் வைத்துத் திருகிவிட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் போனதும் காற்று ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நின்று, படத்தில் பாதி வெள்ளித் தகடு மாதிரி பளபளக்கும், மீதி கலங்கித் தெரியும். கூசும் வெளிச்சத்தில் திரையில் அது அவ்வளவாகத் தெரியாது, வெளியே வந்து பார்க்கும்போதுதான் தெரியும். கடலில் முதல் நாள் முங்குகிறவனுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் கரைக்கு வந்து லென்ஸைக் கழற்றினேன். சட்டைத் துணியால் துடைத்தேன். பெட்டியின் முகப்பையும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். காய்ந்த கையால், காய்ந்த லென்ஸை, கரையில் உட்கார்ந்து இறுக்கித் திருகினேன். தெரிந்தேதான் செய்தேன். பெட்டியின் பக்கவாட்டு விளக்கைப் போட்டுக் கேமராவை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு லென்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானுங்களா? வேற ஏதாச்சும் பாக்கோணுங்களா?"

"அவ்ளோதான். பக்கத்துல போய் எடு."

நீச்சல் கண்ணாடியின் பட்டையை இரண்டு முறை இழுத்து இறுக்கினாள். அதைச் சரிசெய்கிறாள் என்றுதான் நினைத்தேன். "செரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பாறையின் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். கைகள் எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. பாதி வெள்ளித் தகட்டைக் கொண்டுவந்து காட்டுவாள். ஐயையோ, காற்று நின்றுவிட்டதே, சொல்ல மறந்துவிட்டேனே என்பேன். அதற்குள் மழை வந்துவிடும். இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை என்று ஆகிவிடும். நாங்கள் சமமாகிவிடுவோம். அவள் மூச்சுக்குத் தலையைத் தூக்கித் தூக்கி வைத்தாள், வேறு அசைவே இல்லை. சுடிதார் தண்ணீரில் அலைந்தது. நண்டு அவளை ஒரு கல் என்றே எண்ணியிருக்கும்.

முதல் தூறல் விழுந்தபோதுதான் எழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கேமராவை என் கையில் கொடுத்தாள். திரையைத் தட்டினேன்.

தாய் நண்டு பாறை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்று மடிப்பைத் திறந்திருந்தது. உள்ளே மிளகு கொட்டி வைத்தது போல் குஞ்சுகள். ஒவ்வொரு மிளகுக்கும் இரண்டு கண். எல்லாவற்றுக்கும் முன்னால், மடிப்பின் ஓரத்தில், ஒரே ஒரு குஞ்சு ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி ஓடைத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நூல் கனத் தெளிவு சரியாக அந்தக் காலின் மேல் விழுந்திருந்தது. படத்தில் ஓர் ஓரத்தில் கூட மங்கல் இல்லை, காற்று இல்லை. என் லென்ஸில் அதுவரை விழுந்த படங்களில் இது மாதிரி ஒன்று இல்லை, கடலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெட்கம் முதலில் வந்திருந்தால் நான் நல்லவன். முதலில் வந்தது கோபம்தான். எப்படி என்றுதான் தோன்றியது.

"காத்து நிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

அவள் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நின்னுச்சுங்க. தண்ணிக்குள்ளார வெச்சுக் கழட்டி, தட்டி உட்டுட்டு, அப்புறம் மாட்டுனேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானுங்களே சொல்லிக்குடுத்தீங்க. கல்யாணமாகிப் பத்தாம் நாளு, தூத்துக்குடியில, பாத்ரூம்ல பக்கெட்டு நெறையத் தண்ணி புடிச்சு வெச்சு. தண்ணிக்குள்ளதான் மாட்டோணும், காத்து நின்னா விரல்ல தட்டி எடுத்துரோணும்னு. ஊசியில காத்து எடுக்கற மாதிரீங்களான்னு நாங் கேட்டேன். ஆமாம்னு சொல்லிட்டு நீங்க நெம்ப நேரம் சிரிச்சீங்க."

பச்சைப் பக்கெட். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் அவள் விரலைப் பிடித்து நான்தான் லென்ஸைத் தட்டவைத்தேன். சின்னக் குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. இவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பொறவு என்னத்துக்கு எங்கிட்ட கேட்ட? வேற ஏதாச்சும் பாக்கணுமான்னு?"

பிழிந்த துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுவீங்கன்னுதானுங்க."

மழை வலுத்துவிட்டது. ஓடை எங்கள் கண் முன்னாலேயே செம்மண்ணாக மாறியது. வண்டியில் ஏறினோம். எப்போதும் பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்துக்கொள்வாள், வளைவுகளில் பிடி இறுகும். அன்றைக்கு வண்டியின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீடு வரைக்கும் நான் அந்தத் தோளையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். மன்னிச்சுக்கோ என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்ல நினைத்து அடுத்த வளைவுக்குத் தள்ளிப்போட்டேன். ஹெல்மெட்டுக்குள் சொன்னால் கேட்காது என்று ஒரு சாக்கும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் கூடத் துவட்டாமல் படத்தை நண்பனுக்கு அனுப்பினேன். அதையாவது உடனே செய்ய வேண்டும் போலிருந்தது. பதிலாகக் கட்டை விரல் வரவில்லை. போனே வந்தது. "அட்டை இதுதான்டா" என்றான். "பேர் வழக்கம் போலத்தானே? ரெண்டு பேர் பேரும்? டைப் பண்ணி அனுப்பிடு, இன்னிக்கே அச்சுக்குப் போகுது."

அவள் அடுக்களையில் அடுப்பு முன்னால் நின்று கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். என் பெயரைப் போடக் கூடாது என்று நானே சொல்லிவிடத்தான் வந்தேன். அதை நானாகச் சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று ஒரு கணக்கு. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பேரு எப்படிப் போடணும்னு கேக்கான்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. உள்ளங்கையைப் புரட்டிப் புறங்கையைக் காட்டினாள்.

"எம் பேரு மட்டும் போடுங்க."